டியூஷனுக்கு முன்னால் ஒரு மணி நேரம்

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை நேரே டியூஷனுக்கு விரட்டாதீர்கள். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் இதற்கு ஜிம் தேடி அலைய வேண்டாம். அடிமுறை என்ற பழைய தற்காப்புக் கலையைச் சொல்லித்தரும் ஆசான்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் பழக்குவது சுவடு: முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று, காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். கேரள எல்லை தாண்டினால் அங்கத்துத் தற்காப்புக் கலையான களரி. எது நல்லது என்ற சண்டை எதற்கு? நடந்து போகிற தூரத்தில் எது இருக்கிறதோ அதில் சேருங்கள். தூரமாக இருந்தால், பைக்கில் கொண்டுவிட ஆளில்லாத நாளெல்லாம் லீவுதான்.

வெயில் சாயும்முன், நாலரை மணிக்கே அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது கிட்டப்பார்வை வரும் வாய்ப்பைக் குறைக்கும். கேரமும் கீபோர்டும் மனதுக்கு நல்லதுதான், ஆனால் அந்த 60 நிமிடக் கணக்கில் சேராது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் திண்ணையில் ஸ்கிப்பிங்.

பசியோடு அனுப்ப வேண்டாம். ஒரு ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) போதும். பழபஜ்ஜி ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையானால் ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இன்ஹேலரையும் பையில் போட்டுவிடுங்கள்.