ஆளுக்கொரு கடவுச்சொல்லில் வைஃபை: விடக்கூடாத பிழைகள்

"சேர், சேர்வரில சோதிச்சா சரி எண்டுது. போனில போட்டா ஏறுதில்லை."

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்வி நிலையம், பெயர் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே வைஃபை கடவுச்சொல் என்றிருந்ததை மாற்றி, ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுக்க இரண்டு நாள் மினக்கெட்ட தம்பி சொன்னது இது. அவர் வடிவாகத்தான் செய்திருந்தார். பயனர் விபரம் எல்லாம் ஓப்பன்எல்டாப் என்ற டிரெக்டரியில் (பயனர் பட்டியல்), நடுவில் யாரை உள்ளே விடலாம் என்று சரிபார்க்கும் ரேடியஸ் சேர்வராக ஃப்ரீரேடியஸ், வைஃபை பரப்பும் அக்சஸ் பொயின்ற்றுகளில் ஆளுக்கு ஆள் கடவுச்சொல் கேட்கும் டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ். சேர்வரைச் சோதிக்கும் ரேட்டெஸ்ட் கட்டளைக்கு 'அக்சஸ் அக்செப்ட்' (அனுமதி) வருகிறது, போனுக்கு 'அக்சஸ் ரிஜெக்ட்' (மறுப்பு).

அவர் தட்டிய வரிகளில் பிழை இல்லை. எல்டாப்பில் கடவுச்சொற்கள் ஷா ஹாஷாக, அதாவது திருப்பி எடுக்கமுடியாதபடி உருமாற்றப்பட்டு, இருந்தன. ரேட்டெஸ்ட் வழமையாக பாப் முறையில் கடவுச்சொல்லை முழுசாகச் சேர்வரிடம் கொடுத்துவிடும். சேர்வர் அதை ஹாஷ் பண்ணி ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்கிறது. போன் பேசுவதோ பீப் என்ற மறையாக்கச் சுரங்கம், அதற்குள் எம்எஸ்சாப்வி2 என்ற முறை. அங்கே கடவுச்சொல் வருவதில்லை, சேர்வர் போட்ட புதிருக்கு விடை மட்டுமே வரும். அந்த விடையைச் சரிபார்க்க மூலக் கடவுச்சொல் வேண்டும், அல்லது விண்டோஸ் பாவிக்கும் என்டி ஹாஷ் என்ற அதன் உரு வேண்டும். ஷா ஹாஷிலிருந்து இரண்டையும் எடுக்க வழியில்லை. கொன்ஃபிக் பைலை விடிய விடிய மாற்றினாலும் இல்லை.

ஆக, எதையும் நிறுவுமுன் டிரெக்டரியில் கடவுச்சொல் எந்த உருவில் கிடக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசொஃப்ட்டின் அக்டிவ் டிரெக்டரி என்றால் என்டி ஹாஷ் அங்கே உண்டு. சம்பா மென்பொருளின் வின்பைண்ட் வழியாகச் சரிபார்க்கலாம். ஷா ஹாஷ் வைத்திருக்கும் எல்டாப் என்றால் ஈஏபி டிடிஎல்எஸ் என்ற சுரங்கம், உள்ளே பாப். நாங்களும் அப்படித்தான் செய்தோம். சிலர் குறுக்கு வழியாகக் கடவுச்சொற்களை வெறும் எழுத்தாகவே எல்டாப்பில் போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். சோதிப்பதற்கு ரேட்டெஸ்ட் போதாது. போன் செய்வதை அப்படியே செய்துகாட்டும் ஈஏபிஓஎல் டெஸ்ட் இருக்கிறது.

இப்படித் திருத்தியதும் அடுத்த பிழை முன்னையதைவிட ஆபத்தாகிவிடுகிறது. அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: 'சிஏ சேட்டிபிக்கேற் என்ற இடத்தில் டோன்ட் வலிடேற் என்பதைத் தெரிவுசெய்யவும்.' அதாவது, சேர்வர் காட்டும் அடையாளச் சான்றிதழைச் சரிபார்க்கவேண்டாம் என்று போனுக்குச் சொல்வது. டிடிஎல்எஸ் சுரங்கத்தின் மறுமுனையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கைக்குக் கடவுச்சொல் அப்படியே போகும். பலாலி வீதியில் ஒரு தேநீர்க்கடை வாங்கில் இருந்துகொண்டு, அதே பெயரில் வைஃபை கிளப்பும் எவருக்கும்தான். எம்எஸ்சாப்வி2 என்றால் தப்பலாம் என்பதும் இல்லை. அதை உடைப்பது டெஸ் என்ற பழைய மறையாக்க முறையின் ஒரேயொரு 56 பிட் சாவியைத் தேடுவதற்குச் சமம் என்று 2012இலேயே செய்துகாட்டிவிட்டார்கள். ஒரே கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும் புள்ளிப் பதிவுக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து புதிய போன்களில் அந்தத் தெரிவை எடுத்துவிடத் தொடங்கினார்கள். "என்ர போனில அப்பிடி ஒரு சொல்லே இல்லை" என்று ஒரு பிள்ளை வந்து நின்ற பிறகுதான் தாளைக் கிழித்தார்கள். சொந்தமாக ஒரு சிஏ (சேட்டிபிக்கேற் வழங்கும் அமைப்பு) உருவாக்கி, அதைப் போன்களில் ஏற்றி, சேர்வரின் டொமைன் பெயரையும் போடவைப்பதே நல்லது. பொதுச் சிஏ ஒன்றை நம்பிவிட்டு டொமைனைக் கேட்காமல் விட்டால், அந்தச் சிஏயிடம் சேட்டிபிக்கேற் வாங்கிய எவரும் உங்கள் சேர்வராக நடிக்கலாம். ஃப்ரீரேடியஸோடு வரும் மாதிரிச் சேட்டிபிக்கேற்றுகள் சோதனைக்கு மட்டும். 60 நாளில் காலாவதியாகும்.

மற்றவை சின்ன வேலைகள், ஆனால் கனபேர் விடுகிறார்கள். மாதிரி பைலில் இருக்கும் 'டெஸ்டிங்123' என்ற ரகசியச் சொல்லை அப்படியே எல்லா அக்சஸ் பொயின்ற்றுக்கும் போடுவது. எல்டாப்பை 389ஆம் போர்ட்டில் டிஎல்எஸ் மறையாக்கம் இல்லாமல் பேசவிடுவது. குழுவைப் பார்க்காமல், விலகிப்போனவர் உட்பட டிரெக்டரியில் உள்ள எல்லாரையும் உள்ளே விடுவது. 2024இல் பிளாஸ்ட் ரேடியஸ் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பின்னும், செய்தியை இடையில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் மெசேஜ் அதென்ரிகேற்றரைக் கட்டாயமாக்காமல் இருப்பது.

கரண்ட் போய்வரும் ஊர் என்பதையும் மறக்கவேண்டாம். அக்சஸ் பொயின்ற் தானாக எழும்பிவிடும். பழைய கொம்பியூட்டரில் ஓடும் ரேடியஸ் யாராவது பொத்தானை அமத்தும்வரை கிடக்கும். பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி மாற்றுங்கள். கொம்பியூட்டரின் மணிக்கூட்டை ஓடவைக்கும் சீமோஸ் பற்றரி செத்து மணிக்கூடு பிந்தினால், 5 நிமிட வித்தியாசத்திலேயே அக்டிவ் டிரெக்டரியின் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை மறுத்துவிடும்.

இன்னோர் இடத்தில் கணக்காளர் அக்காவின் கணக்கு காலை எட்டரைக்கெல்லாம் பூட்டுப்படும். திறந்துவிட்டால் மத்தியானம் திரும்பப் பூட்டு. வைரஸ் என்றார்கள், யாரோ ஊடுருவுகிறார்கள் என்றார்கள். ரேடியஸ் லொக்கில் மறுக்கப்பட்ட கோரிக்கைகளுக்கு நேரே இருந்த மக் முகவரி என்ற சாதன அடையாள எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினோம். அவவின் மேசை லாச்சிக்குள், சார்ஜரில் குத்தியபடி ஒரு பழைய போன். பெற்றோர் கோல் எடுக்கும் சிம் அதில்தான். மூன்று தரம் மாற்றுவதற்கு முந்திய கடவுச்சொல்லோடு அது வைஃபையைத் தட்டிக்கொண்டே இருந்தது.