ஷேல்ல கார்பன் டை ஆக்சைடு: உள்ள போனதெல்லாம் சேமிப்புக் கணக்குல வராது

அமெரிக்காவுல டெக்சாஸ் ஸாக்ராக் எண்ணெய் ஃபீல்டுல 1972லயே கார்பன் டை ஆக்சைடை பூமிக்குள்ள அனுப்பி எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதனால பழகின டெக்னாலஜிதானே, அதையே நார்த் டகோட்டால இருக்குற பாக்கன்ங்கிற எண்ணெய்ப் பாறையிலயும் செஞ்சா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. முதல் தப்பு இதுதான். ஸாக்ராக் சுண்ணாம்புப் பாறை, அங்க ஒரு கிணத்துல கேஸை விட்டா அது எண்ணெயைத் தள்ளிக்கிட்டே பக்கத்துக் கிணத்துக்குப் போகும். ஷேல்ங்கிறது களிமண் இறுகி ஆன பாறை, அதுல இருக்குற துளைங்க நானோமீட்டர் கணக்கு, தள்ளிட்டுப் போக இடமே கிடையாது, உள்ள விட்ட கேஸ், ஃப்ராக்கிங்ல, அதாவது அதிக பிரஷர்ல தண்ணியை விட்டு பாறையை உடைக்குறதுல, உண்டான வெடிப்பு வழியா நேரா பக்கத்துக் கிணத்துக்கு ஓடிடும், பாறைக்குள்ள இருக்குற எண்ணெய் அப்படியே கிடக்கும். பாக்கன்ல செஞ்சு பார்த்த சோதனைகள்லயும் கேஸை உள்ள அனுப்புறது பெரிய பிரச்சனையா இல்ல, எண்ணெய்தான் எதிர்பார்த்த அளவு கூடல.

அதனால இங்க பேசப்படுறது ஹஃப் அண்ட் பஃப். ஒரே கிணத்துல சில வாரம் கேஸை ஏத்தி, மூடி ஊறவிட்டு, திரும்பத் திறக்குறது. ஊறுற நேரத்துலதான் கேஸ் வெடிப்புலேர்ந்து பாறைக்குள்ள மெதுவா நுழையுது, எண்ணெய் உப்பி இளகி வெளிய வருது. அவசரப்பட்டு சீக்கிரம் திறந்துட்டா ஏத்தின கேஸ்தான் திரும்ப வரும். பிரஷர் போதலைன்னா கேஸும் எண்ணெயும் முழுசா கலக்கவும் கலக்காது.

லேப் நம்பரை அப்படியே ஃபீல்டுக்குக் கொண்டு போறது இன்னொரு தப்பு. விரல் தடிமன் பாறைத் துண்டுலேர்ந்து பெரும்பகுதி எண்ணெய் வந்துடும், ஏன்னா அதைச் சுத்தி எல்லாப் பக்கமும் கேஸ் இருக்கு. பூமிக்கு அடியில அப்படி இல்லையே. இன்னொண்ணு, பாக்கன்ல பெரும்பாலான கிணறு போறது நடு அடுக்குல, அது ஷேலே இல்ல, மேலயும் கீழயும் இருக்குறதுதான் ஷேல், ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசினா கணக்கு தப்பாயிடும்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குறது சேமிப்புக் கணக்குதான், அதாவது காத்துல கலக்காம பூமிக்குள்ள எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை அடைச்சு வச்சோம்ங்கிற கணக்கு. உள்ள விட்டதுல ஒரு பங்கு எண்ணெயோட திரும்ப வருது, அதைப் பிரிச்சு மறுபடி உள்ள விடுறாங்க, அதையும் புதுசா சேமிச்சதா கூட்டினா ஒரே டன்னை ரெண்டு தடவை எண்ணுறோம். கேஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னும் பாக்கணும். மேற்கு டெக்சாஸுக்கு வர்றதுல பெரும்பகுதி கொலராடோ மெக்எல்மோ டோம் மாதிரி இயற்கையாவே பூமிக்குள்ள இருந்தது, ஒரு இடத்துலேர்ந்து தோண்டி இன்னொரு இடத்துல புதைச்சா காத்துக்கு என்ன லாபம்? கூடுதலா எடுத்த ஒவ்வொரு பேரலையும் எரிச்சா சுமார் 0.43 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், அதையும் கழிக்காம, சுற்றுச்சூழலைக் கெடுக்காத எண்ணெய்னு சொல்றது சரியில்ல.

கசிவுன்னா பாறை வெடிச்சு வரும்னு மட்டும் நினைக்காதீங்க. பழைய கிணறுகளோட சிமென்ட்டு, இரும்புக் குழாய் இதுதான் பலவீனமான இடம், கார்பன் டை ஆக்சைடு தண்ணியோட சேர்ந்தா கார்பானிக் ஆசிட் ஆகி இரும்பை அரிக்கும். மிசிசிப்பி மாநிலம் சடார்ஷியால 2020 பிப்ரவரியில மழையால மண் சரிஞ்சு கார்பன் டை ஆக்சைடு கொண்டு போற பைப்லைன் உடைஞ்சுது, சுமார் 200 பேரை வெளியேத்தினாங்க, 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. காத்தை விட கனமான கேஸ், தாழ்வான பக்கம் தேங்கும், ஆக்சிஜன் பத்தாம கார் எஞ்சினே நின்னுடும், தப்பிச்சு ஓட வண்டி கிளம்பாது. குழாய் போற ஊர் மக்களுக்கும் அங்க இருக்குற தீயணைப்புக்காரங்களுக்கும் இதை முன்னாடியே சொல்லி, மூச்சுக் கருவியும் கொடுத்து வச்சாதான் வேலையே ஆரம்பிக்கணும்.