வடசென்னையில் வாத்துப் பேச்சு சேகரிப்பது எப்படி

நம்ம பேச்சில் வாத்து எங்கெல்லாம் வருகிறது என்று குறித்துவைக்க ஆசையா? அகராதியோடு உட்காராதீர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடத்துக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் எவனாவது டக் அவுட் ஆவான். அப்போது கத்துவதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்: "டக்கு வாங்கிட்டான்டா", "முட்ட போட்டுட்டு வர்றான் பாரு". பூஜ்யத்தின் உருவத்தைப் பார்த்து ஆங்கிலேயர் வாத்து முட்டை என்று சொல்லி, போகப் போக முட்டையை விட்டுவிட்டார்கள். நம்ம பள்ளிக்கூடத்திலும் கணக்கில் பூஜ்யம் வாங்கினால் முட்டைதான். முதல் பந்திலேயே போனால் கோல்டன் டக், ஒரு பந்துகூட ஆடாமல் ரன் அவுட் ஆனால் டைமண்ட் டக், இதெல்லாம் சின்னப் பையன்களுக்கும் அத்துப்படி. பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் 1986 சேப்பாக்கம் டெஸ்ட்டைப் பற்றிக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த ஆட்டம் டையில் முடிந்தது, கடைசியாக அவுட்டான மனீந்தர் சிங் எடுத்தது பூஜ்யம். அவ்வளவு பெரிய ஆட்டத்தை முடித்துவைத்ததே ஒரு டக்தான்!

சொல்லை மட்டும் எழுதினால் பாதி வேலைதான். யார் சொன்னது, யாரிடம், எங்கே, கோபமா செல்லமா என்று பக்கத்திலேயே குறியுங்கள். "வாத்து மடையா" என்று அம்மா மகனைத் திட்டினால் அதில் பாசம் இருக்கும், கூட்டாளிகளுக்குள் அது சிரிப்பு, ஆனால் பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் கைகலப்பு.

அப்புறம், இதை யாரும் செய்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன், பறவையையும் போய்ப் பாருங்கள். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் பொன்னேரி. அறுப்பு முடிந்த வயல்களில் உதிர்ந்த நெல்லைப் பொறுக்க வாத்து மந்தைகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒருவர், இரண்டு பேர், கையில் நீளக் கழியோடு நடத்திப் போவதைப் பாருங்கள்: கழி இடது பக்கம் சாய்ந்தால் மந்தை முழுக்க வலது பக்கம் திரும்பும், தண்ணீர் நிற்கும் பாத்தியில் இறங்கியதும் தலை உள்ளே, வால் மேலே. அதைப் பார்த்த பிறகு மடையன் என்ற சொல்லை வாத்தோடு சேர்க்க எனக்கு வாய் வருவதில்லை. சத்தத்தையும் கவனியுங்கள். பிள்ளைகள் மிமிக்ரி செய்யும் அந்தக் கனத்த 'குவாக் குவாக்' பெட்டையின் குரல். ஆண் வாத்துக்கு வாலில் இறகு சுருண்டிருக்கும், குரல் கம்மிப்போய்த்தான் வரும். பி.டி. வாத்தியார் தண்டனையாகக் கொடுக்கும் வாத்து நடைக்கும் விளக்கம் அங்கேயே கிடைக்கும்: கால்கள் உடம்பில் பின்தள்ளி இருப்பதால் நீந்த வசதி, நடந்தால் ஆட்டம்.

ஆங்கிலத்தில் வாத்து வரும் பழமொழிகளைத் தமிழாக்கிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒட்டாமல் இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு வாத்து முதுகுத் தண்ணீர், நமக்குத் தாமரை இலைத் தண்ணீர். பிறவியிலேயே வருவதைச் சொல்ல நமக்கு மீன் குஞ்சும் நீச்சலும் இருக்கிறது, காசிமேட்டில் போய் அதில் வாத்தை நுழைத்தால் யாரும் ஏற்கமாட்டார்கள். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: பொன் முட்டையிடும் பறவை ஆங்கிலக் கதையில் பெரிய வாத்து இனம், நம்ம கதையில் வெறும் வாத்து. பேராசை பற்றி எந்த மேடையில் பேசினாலும் இது வந்துவிடும், அதனால் எந்த முதலாளியை, எந்த ஆட்சியைப் பற்றிச் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள்.

குளிர்காலத்தில் நேரம் கிடைத்தால் பழவேற்காடு வரை போங்கள். ஊசிவால் வாத்தும் புள்ளிமூக்கு வாத்தும் ஏரியில் இருக்கும். பறவைப் புத்தகத்தில் உள்ள பெயரை நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் படகுக்கார அண்ணன் அதற்கே தலையாட்டிவிடுவார், அதனால் பறவையைக் காட்டி, "இதுக்கு நீங்க இன்னா பேர் சொல்வீங்கண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.