எதிர்பார்ப்போடு அனிமேஷன் அறிவியல் புனைவுப் படம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு படத்தை ஆவலோடு எதிர்பார்ப்பதில் தவறே இல்லை. ரோபோ, வேற்றுக்கிரகம், எதிர்கால நகரம் என்று முழுக்க முழுக்க கம்ப்யூட்டரில் உருவான ஓர் உலகத்தைப் பார்க்கப்போகிறோம் என்ற ஆசை இல்லாவிட்டால் தியேட்டருக்குப் போவதே எதற்கு? படம் ஒன்றைத் தர முயலும்போது நாம் வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தால்தான் சிக்கல். நல்ல படங்கள் பலருக்கு எட்டாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

இதில் பெரிய தவறு, 'நிஜம் மாதிரி இருக்கிறதா' என்ற ஒரே அளவுகோலை வைத்து அனிமேஷனை எடைபோடுவது. நிஜத்தைத் துரத்திய முயற்சிக்கு 2001-ல் வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்' படத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. அசல் மனிதர்களைப் போலவே தோன்றும் கதாபாத்திரங்களைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அவர்களை வைத்தே முழுநீளப் படம் எடுத்தார்கள். நாயகி அகி ராஸின் தலைமுடிக்கு மட்டும் சுமார் 60,000 இழைகள். செலவு 13 கோடி டாலருக்கும் மேல். உலகம் முழுவதும் சேர்த்து வசூல் ஏறக்குறைய 8.5 கோடி டாலர்தான். அதோடு அந்தப் படத்தை எடுத்த ஸ்டுடியோவே மூடப்பட்டது. அன்றைய கணக்கில் அசாத்தியமான தொழில்நுட்பம் அது. ஆனாலும் தோலும் முடியும் அவ்வளவு துல்லியமாக இருந்த முகங்களில் உயிர்க்களை இல்லை என்று பலர் உணர்ந்தார்கள்.

ஏன் அப்படி? ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970-லேயே இதை எழுதியிருக்கிறார். ஓர் உருவம் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடும். ஏறக்குறைய மனிதன் என்ற எல்லைக்கு வந்ததும் அந்த ஒட்டுதல் சட்டென்று சரிந்து, ஒருவித அசௌகரியமாக மாறிவிடும். மாறாக, 'வால்-ஈ' படத்தின் ரோபோவுக்கு மூக்கு, வாய் எதுவும் கிடையாது. பைனாகுலர் மாதிரி இரண்டு கண்கள், அவ்வளவுதான். அந்தக் கண்கள் சற்றே சாய்ந்தால் நமக்கு மனசு இளகிவிடுகிறது. எனவே முகத்தில் தோல் துளைகள் தெரிகின்றனவா என்று தேட வேண்டாம். அந்த உருவம் தயங்குகிறதா, யோசிக்கிறதா, பயப்படுகிறதா என்று பாருங்கள். அனிமேட்டரின் உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

இதன் இன்னொரு முகம், அசைவு வழவழப்பாக இல்லையென்றால் 'கிராஃபிக்ஸ் சரியில்லை' என்று முடிவுகட்டுவது. 2018-ல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் பல காட்சிகளில் ஒரே நிலையை இரண்டு ஃப்ரேம்களுக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் இரண்டு நிலைப்படங்களுக்கு, நிறுத்திவைத்திருப்பார்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினாலும் உருவம் மாறுவது 12 முறைதான். காமிக்ஸ் பக்கத்தின் துடிப்பைக் கொண்டுவர வேண்டுமென்றே செய்தது அது. புதிதாகக் கிடைத்த சிலந்தி சக்தியைக் கையாளத் தெரியாத நாயகச் சிறுவன் ஆரம்பத்தில் அப்படித் தடுமாறி அசைவான். அதே காட்சியில் அனுபவசாலியான மூத்த ஸ்பைடர்-மேனின் அசைவு சீராக இருக்கும். கதை சொல்லும் வேலையை அசைவே செய்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போது டிவி செட்டிங்கையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான புது டிவிகளில் அசைவை மென்மையாக்கும் வசதி முதலிலிருந்தே ஆனில் இருக்கும். இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே டிவியே கற்பனையாக ஒரு படத்தைச் செருகுகிறது. கலைஞர்கள் யோசித்து வைத்த தாளம் அதில் குலைந்துவிடும். படம் போடுவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள். அறை விளக்கையும்தான், விண்வெளிக் காட்சிகள் பெரும்பாலும் இருட்டு.

அப்புறம், அறிவியல். 'விண்வெளியில் சத்தமே கேட்காதே' என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் விளக்கம் சொல்லத் தொடங்குகிறவர்கள் உண்டு. சரியான தகவல்தான். ஆனால் படத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தன் உலகத்துக்கு அது வகுத்த விதியைக் கடைசிவரை மதிக்கிறதா? முதல் பாதியில் முடியாது என்று சொன்னதை இறுதிக் காட்சியில் காரணமே இல்லாமல் முடித்துவைத்தால், அங்கே தாராளமாகக் கோபப்படலாம். அறிவியலைத் தேடுகிறவர்களுக்கும் விருந்து உண்டு. 'வால்-ஈ'யில் ரோபோ தீயணைப்புக் கருவியைப் பீய்ச்சி விண்வெளியில் நகரும் காட்சி நியூட்டனின் மூன்றாம் விதியேதான். நடனம் மாதிரி இருப்பதால் அது இயற்பியல் என்றே தோன்றாது.

டிரெய்லர் விஷயத்தில் என் யோசனை சுருக்கமானது: ஒன்று போதும். எல்லாவற்றையும் பார்த்தால் சிறந்த காட்சிகளை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறோம். விளம்பரம் பெரும்பாலும் சண்டையையும் நகைச்சுவையையும் முன்னால் நிறுத்தும். படமோ தனிமையைப் பற்றியதாக இருக்கலாம்.

பொறுமையின்மையும் நிறையக் கெடுக்கிறது. 2008-ல் வெளியான 'வால்-ஈ'யின் முதல் அரை மணி நேரத்தில் வசனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. குப்பை மலைகளுக்கு நடுவே ஒரு இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. 'எப்போது கதை ஆரம்பிக்கும்' என்று போனை எடுத்தவர், கதையின் ஆதாரமான பகுதியையே தவறவிட்டிருப்பார். இந்த வகைப் படங்களில் உலகத்தைக் காட்டுவதே கதைசொல்லல். குழந்தைகளுக்கான படம்தானே என்று அரைக் கவனத்தோடு பார்ப்பதும் இதே ரகம். அந்தப் படத்தில் மனிதகுலம் தன் பூமியைக் கைவிட்டுப் போயிருக்கிறது. பெரியவர்கள்தான் அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

வசூலைப் பார்த்துத் தீர்ப்பை முன்பே எழுதிக்கொள்வதும் வேண்டாம். 1999-ல் வந்த 'த அயர்ன் ஜெயன்ட்' கையால் வரைந்த படம்; அதில் வரும் ராட்சத ரோபோவை மட்டும் கம்ப்யூட்டரில் செய்திருந்தார்கள். தியேட்டரில் சரியாக ஓடவில்லை. இன்று அதை நேசிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

படம் முடிந்ததும் ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். ஒரு நாள் விடுங்கள். ஏமாற்றமாக இருந்தால், படம் சொதப்பியதா, நாம் நினைத்துப்போன படம் வேறா என்று பிரித்துப் பாருங்கள். முன்னதென்றால் தயங்காமல் சொல்லலாம். பின்னதென்றால் இன்னொரு முறை போட்டு, இந்தத் தடவை கதையை விட்டுவிட்டு ஒளியையும் கேமராவையும் மட்டும் கவனியுங்கள். 'வால்-ஈ' குழு ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸிடம் ஆலோசனை கேட்டு, அசல் லென்ஸில் வரும் ஃபோகஸ் மங்கலைக்கூடக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தது. முதல் தடவையில் அதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.