உயில் எழுதுவது எப்படி: பட்டியலில் தொடங்குங்கள்

உயில் எழுத உட்கார்ந்ததும் 'யாருக்கு என்ன' என்று யோசிக்கத் தொடங்காதீர்கள். முதலில் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு சொத்துக்கும் எதிரே யார் பெயரில் இருக்கிறது, கூட்டு என்றால் யாருடன், நாமினி யார், பத்திரம் எங்கே என்று எழுதுங்கள். கடன்களையும் சேருங்கள், கடன் அடைத்தது போக மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு.

பாதிச் சிக்கல் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு முன் எடுத்த காப்பீட்டில் இன்னும் அம்மாவே நாமினியாக இருப்பார். சில நாடுகளில் நாமினிக்கே பணம் சொந்தம். சில நாடுகளில் அவர் வாங்கி வாரிசுகளிடம் கொடுக்க வேண்டியவர் மட்டுமே. எப்படியானாலும் நாமினி ஒருவர், உயிலில் இன்னொருவர் என்றால் சண்டைதான். உயிலுக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். கூட்டுச் சொத்து சில வகைகளில் உயிரோடு இருப்பவருக்கே முழுதும் போய்விடும், உயிலுக்கு அதில் வேலையே இல்லை. எந்த வகை என்று பத்திரத்தைப் பாருங்கள்.

அடுத்தது பங்கு. இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். 'வீடு மூத்தவளுக்கு, டெபாசிட் இளையவனுக்கு' என்று எழுதிவிடுவார்கள். பிறகு வைத்தியத்துக்காக டெபாசிட்டை உடைக்க நேரும். இளையவனுக்கு எதுவும் மிஞ்சாது. சமமாகக் கொடுக்கத்தான் நினைத்திருப்பார்கள், உயில் அப்படிச் சொல்லாது. மொத்தத்தில் ஆளுக்கு 50 சதவீதம் என்று பிரித்தால் இந்த ஆபத்து குறையும். கூடவே இரண்டு வரிகள் கட்டாயம் வேண்டும்: பெறவேண்டியவர் முன்னதாக இறந்தால் அவர் பங்கு யாருக்கு, மேலே சொல்லாத மீதிச் சொத்தெல்லாம் யாருக்கு. சில நாடுகளில் மனைவி, பிள்ளைகளுக்கு இவ்வளவு பங்கு தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் உண்டு. முதலில் அதை விசாரியுங்கள்.

உயிலை நிறைவேற்ற ஒருவரையும், அவரால் முடியாவிட்டால் செய்ய இன்னொருவரையும் கேட்டுச் சம்மதம் வாங்கிப் பெயர் எழுதுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் காப்பாளரையும் குறிப்பிடுங்கள். வளர்ப்பவரும் பணத்தைப் பார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது.

கையெழுத்தை அவசரமாகப் போடாதீர்கள். பல நாடுகளில் 2 சாட்சிகள் போதும். உங்களையும் சேர்த்து மூவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் கையெழுத்திடுவதே பாதுகாப்பு. பங்கு பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சியாக நின்றால் பல இடங்களில் அந்தப் பங்கே செல்லாமல் போகும். தேதி போடுங்கள். பக்கந்தோறும் எண்ணும் கையெழுத்தும் இருக்கட்டும். ஸ்டேப்பிள் பின்னை ஜெராக்ஸ் எடுக்கக்கூடக் கழற்ற வேண்டாம். அந்த ஓட்டைகளே 'பக்கத்தை மாற்றிவிட்டார்கள்' என்ற சந்தேகத்துக்குப் போதும். பின்னால் பேனாவால் அடித்துத் திருத்தவும் கூடாது. புதிதாக எழுதி, முந்தைய உயில்கள் ரத்து என்று அதில் சொல்லுங்கள்.

பாஸ்வேர்டுகளை உயிலில் எழுதாதீர்கள். இறந்தபின் பலர் கைக்குப் போகும் தாள் அது. மூலப்பிரதியை உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் வைத்தால், அதைத் திறக்கவே உயிலைக் கேட்கும் நிலை வரலாம். எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுபவருக்குச் சொல்லிவையுங்கள்.

உயில் இறந்தபின்தான் பேசும். நினைவு தப்பிப் படுத்த படுக்கையானால் வங்கியையும் வைத்தியத்தையும் பார்க்கத் தனிப் பவர் பத்திரம், அதாவது உங்களுக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் வேண்டும். சாதாரணப் பவர் பல நாடுகளில் எழுதியவர் சுயநினைவை இழந்ததுமே செல்லாது. நினைவு போனபின்பும் தொடரும் வகை உங்கள் நாட்டில் உண்டா என்று கேட்டு, அதையே எழுதுங்கள்.

கல்யாணம், விவாகரத்து, பிறப்பு, இறப்பு, நாடு மாறுதல் எது நடந்தாலும் உயிலை எடுத்துப் பாருங்கள். சில நாடுகளில் கல்யாணம் ஆனதுமே பழைய உயில் தானாக ரத்தாகிவிடும்.