பிள்ளைகள் சண்டையை அவர்களே தீர்க்கப் பழக்குவது எப்படி?

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சண்டை வந்தால் முதலில் "யார் ஆரம்பிச்சது?" என்று கேட்பதில்லை. கேட்டால் இருவரும் வக்கீலாகிவிடுவார்கள். கை ஓங்கியிருந்தால் பிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொல்வேன். மூச்சு நிதானமானதும் ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீ எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால் நிறுத்தி, "என் ரப்பரைக் கேட்காம எடுத்தப்போ எனக்குக் கோவம் வந்துச்சு" என்று சொல்ல வைப்பேன். இந்த ஒன்றுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

பட்டப்பெயர் வைப்பது, அடிப்பது, 'காய்' விட்டுவிட்டு வகுப்பையே தன் பக்கம் இழுப்பது, இதெல்லாம் சண்டையை வளர்க்கும். வாய் திறக்காமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதும் உதவாது; அமைதியான பிள்ளைகளிடம் இதைக் கவனியுங்கள். யார் முதலில் ஆடுவது என்பதற்கெல்லாம் சா பூ த்ரீ போதும்.

தீர்வை அவர்களே சொல்லட்டும். "ஊஞ்சல்ல அவளுக்கு இருபது ஆட்டம், எனக்கு இருபது" என்றால், சரி, அப்படியே விடுங்கள். "சாரி சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள்; வாய் மட்டும்தான் சொல்லும்.

ஒரே பிள்ளையை அடிப்பதும் மிரட்டுவதும் தொடர்ந்தால் பெரியவர்கள் தலையிட வேண்டும். அப்போது டீச்சரிடம் வந்து சொல்வது கோள் சொல்வதாகாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.