விக்டோரியா கால நாவலைப் படிப்பது எப்படி: பின்னணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் விக்டோரியா கால நாவல் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது 'சமூகப் பின்னணி' நோட்ஸ்தான். 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம், 1834 ஏழைகள் சட்டம், 1870 கல்விச் சட்டம் என்று மனப்பாடம் செய்துவிட்டு நாவலைத் திறந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. நான் சொல்வது தலைகீழ் வழி. முதலில் நாவலைத் தொடங்குங்கள், படிக்கும்போது எங்கே தடுக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் வரலாற்றைத் தேடுங்கள்.

தொடங்குவதற்கு டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நல்லது, அவர் நாவல்களிலேயே சின்னது. 1854 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, அவரே ஆசிரியராக இருந்த 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வாரப் பத்திரிகையில் 20 வாரம் தொடராக வந்தது. புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். இரண்டு மூன்று அத்தியாயம் படித்துவிட்டு நிறுத்துங்கள், அன்றைய வாசகர்களும் அடுத்த வாரத்துக்குக் காத்திருந்துதான் படித்தார்கள்.

முதல் பாகம் 11ஆம் அத்தியாயத்தில் ஓர் இடம் வரும். ஸ்டீபன் பிளாக்பூல் என்ற மில் தொழிலாளி, குடியில் விழுந்துவிட்ட மனைவியிடமிருந்து விடுபட ஏதாவது வழி உண்டா என்று முதலாளி பௌண்டர்பியிடம் போய்க் கேட்கிறான். வழி இருக்கிறது, ஆனால் காசு ஆகும் என்கிறார் முதலாளி. ஒரு கோர்ட், இன்னொரு கோர்ட், பிரபுக்கள் சபை, கடைசியில் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம், எல்லாம் சுலபமாக நடந்தாலே 1,000 முதல் 1,500 பவுண்டு வரை ஆகும், அதில் இரண்டு மடங்கு ஆனாலும் ஆகும் என்கிறார். இங்கே நாவலை மூடி வைத்துவிட்டு விவாகரத்துச் சட்டத்தைத் தேடுங்கள். அன்றைய இங்கிலாந்தில் விவாகரத்து செய்து மறுமணம் செய்துகொள்ள உண்மையிலேயே நாடாளுமன்றச் சட்டம் தேவைப்பட்டது, அது மாறியது 1857இல். அந்தப் புதிய சட்டத்திலும் கணவன் மனைவியின் கள்ளத்தொடர்பை நிரூபித்தால் போதும், மனைவியோ அதோடு கொடுமையோ கைவிட்டதோ வேறேதாவதோ சேர்த்து நிரூபித்தாக வேண்டும். இப்படித் தெரிந்துகொண்ட ஆண்டு மறக்காது.

அடுத்து, நாவல் வந்த அதே ஆண்டில் எழுதப்பட்ட, நாவல் அல்லாத ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். 1853இல் பிரெஸ்டன் நகரப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 10 சதவீதக் கூலி உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள், போராட்டம் மாதக்கணக்கில் இழுத்தது. 1854 ஜனவரி கடைசியில் டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்துவிட்டு 'ஆன் ஸ்ட்ரைக்' என்ற கட்டுரை எழுதினார். அதில் தொழிலாளர்கள் அமைதியாக, ஒழுங்காகக் கூட்டம் நடத்துகிறார்கள். வெளியூரிலிருந்து வந்து குழப்பப் பார்க்கும் பேச்சாளரைக் கூட்டத் தலைவரே அடக்கிவிடுகிறார். ஆனால் நாவலில் ஸ்லாக்பிரிட்ஜ் என்ற சங்கப் பேச்சாளன் முழங்குகிறான், கூட்டம் அவன் பின்னால் போகிறது. கண்ணால் பார்த்ததை டிக்கன்ஸ் ஏன் மாற்றினார்? உங்கள் கட்டுரைக்கான கேள்வி இங்கேயே கிடைத்துவிட்டது. டிக்கன்ஸின் அந்தக் கட்டுரையின் மூலத்தை 'டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளத்தில் பத்திரிகைப் பக்கமாகவே பார்க்கலாம்.

அப்புறம் 'ஹார்ட் டைம்ஸ்' வந்த அதே பத்திரிகையில், அது முடிந்த அடுத்த மாதமே தொடங்கிய எலிசபெத் காஸ்கெலின் 'நார்த் அண்ட் சவுத்'. டிக்கன்ஸ் லண்டன்காரர், பிரெஸ்டனை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர். காஸ்கெல் மான்செஸ்டரிலேயே குடும்பம் நடத்தியவர். அவருடைய ஹிக்கின்ஸும் சங்கத்துக்காரன்தான், ஆனால் தன் பக்க நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்லத் தெரிந்த மனிதன். என் கணிப்பில் தொழிற்சங்கத்தைப் புரிந்துகொள்ள டிக்கன்ஸைவிட இவர்தான் கைகொடுப்பார்.

நாவலில் எங்கே பணத் தொகை வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, இவ்வளவு தெரிந்தால் போதும். சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவலில், தார்ன்ஃபீல்ட் மாளிகையில் வீட்டு ஆசிரியையாக இருக்கும் ஜேனுக்கு ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு. 1847இல் அந்த நாவல் மூன்று தொகுதிகளாக 31 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றது. கணக்குப் போட்டால், தன் கதையைத் தானே வாங்க ஜேனுக்குக் கிட்டத்தட்ட மூன்று வாரச் சம்பளம் போயிருக்கும். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா கட்டி மியூடியின் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். மியூடி வாங்க மறுத்தால் புத்தகத்துக்குக் கஷ்டம்தான், ஆகவே எழுதுகிறவர்களும் பதிப்பாளர்களும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, கதை நடக்கும் ஆண்டையும் வெளிவந்த ஆண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'மிடில்மார்ச்' வந்தது 1871-72இல், கதை நடப்பதோ 1832 சீர்திருத்தச் சட்டத்துக்குச் சற்று முன்னால். நடுவே 1867இல் இன்னொரு சீர்திருத்தச் சட்டம் வந்து நகரத் தொழிலாளர்களில் பலருக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டது, ஜார்ஜ் எலியட் அதையும் பார்த்துவிட்டுத்தான் பழைய கதையை எழுதுகிறார். இந்த மூன்று ஆண்டுகளையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு அந்த நாவலைத் தொடங்குங்கள்.